சொட்டு நீரை நிறுத்தும் வெளிச்சம்

விழும் நீர்த்துளியைத் தெளிவாகப் படமெடுப்பது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் "ஷட்டர் வேகத்தைக் கூட்டு" என்பதுதான். ஷட்டர் என்பது சென்சாருக்கு (படம் பதியும் தகடு) வெளிச்சத்தைத் திறந்து மூடும் கதவு. உன் கேமராவில் அது 1/4000 நொடி திறக்குமா, 1/8000 நொடி திறக்குமா என்று பேச்சு நீண்டு, கடைசியில் புதுக் கேமரா வாங்கும் யோசனையில் போய் நிற்கும். அந்தச் செலவு தேவையே இல்லை. பத்து வருடப் பழைய கேமரா, தனியாகக் கழற்றி வைக்கக்கூடிய சாதாரண ஃப்ளாஷ் ஒன்று, கதவு ஜன்னலை மூடினால் இருட்டாகும் ஓர் அறை. இவ்வளவு போதும். துளியை நிறுத்துகிற வேலையை இதில் கேமரா செய்வதில்லை, வெளிச்சம் செய்கிறது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்ற எல்லா முடிவுகளும் தானாக வந்து அமரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி, கீழே தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் வருகிறது. 1/250 நொடிக்குள் அது 11 மி.மீ. நகர்ந்துவிடும். துளியின் விட்டமோ ஏறக்குறைய நாலரை மி.மீ. தான். அதாவது தன் உடம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கடந்து போயிருக்கும். படத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் மிஞ்சும். 1/4000 நொடி என்றால் நகர்வு 0.7 மி.மீ. கேட்க அற்பமாகத் தெரிகிறது. ஆனால் 7 செ.மீ. அகலமுள்ள காட்சியை 24 மெகாபிக்சல் கேமராவில் பதிவு செய்தால், அந்த 0.7 மி.மீ. சுமார் 60 பிக்சல் நீளத்துக்கு இழுபடும். பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணில் உறுத்தும் மங்கல் அது. 1/20000 நொடிக்கு இறங்கினால் நகர்வு 0.14 மி.மீ., அதாவது 12 பிக்சல். அங்கேதான் விளிம்பு கூர்மையாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

ஷட்டரை நம்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் என்பது இரண்டு திரைகள். முதல் திரை விலகிப் போகும், இரண்டாவது திரை பின்னால் வந்து மூடும். 1/200 அல்லது 1/250 வரைக்கும் இடையில் ஒரு கணம் சென்சார் முழுவதும் திறந்திருக்கும். அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால், முதல் திரை முழுதாக விலகும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். ஒரு மெல்லிய பிளவு மட்டும் சென்சாரின் மேல் ஊர்ந்து போகும். ஆகவே 1/4000 என்று வைத்தாலும், படத்தின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் இடையே ஏறக்குறைய 1/250 நொடி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரைப் போட்டால் பல மாடல்களில் இந்த வித்தியாசம் இன்னும் பல மடங்கு பெரிது. உருண்டையான துளி அதில் நீண்டோ நசுங்கியோ பதிவாகும்.

இங்கேதான் ஃப்ளாஷ் உதவுகிறது. கேமரா மேல் மாட்டும் சின்ன ஃப்ளாஷ் 'முழு சக்தி', '1/2', '1/64' என்று காட்டுகிறதே, அதில் வெளிச்சத்தின் பிரகாசம் குறைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் குறைவது நேரம். செனான் வாயு நிரம்பிய குழாயில் மின்னோட்டம் பாய்ந்து ஒளிர்கிறது. குறைந்த சக்தி கேட்டால், உள்ளே இருக்கும் மின்னணு சுவிட்ச் அந்த ஓட்டத்தைச் சீக்கிரமே வெட்டிவிடுகிறது. முழு சக்தியில் பளிச்சிடல் 1/1000 நொடிக்குப் பக்கம், சிலவற்றில் அதைவிட நீளம். 1/64, 1/128 என்று இறக்கினால் 1/20000 நொடி அல்லது அதற்கும் குறைவு. அறை கும்மிருட்டாக இருந்து, ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தாலும், சென்சாருக்கு வெளிச்சம் கிடைப்பது அந்த 1/20000 நொடியில் மட்டும்தான். ஷட்டர் வெறும் கதவு.

இதிலிருந்து சில விஷயங்கள் வரிசையாகப் பிறக்கின்றன. ஃப்ளாஷில் 'ஹை ஸ்பீட் சிங்க்' என்ற வசதி இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். பெயர் ஆசை காட்டும். ஆனால் அதில் ஃப்ளாஷ் ஒரே பளிச்சாக இல்லாமல் தொடர்ந்து துடித்துக்கொண்டே ஒளிர்வதால், நாம் தேடும் குறுகிய நேரம் கைவிட்டுப் போய்விடும். ஸ்டூடியோவில் வைக்கும் பெரிய விளக்குகளிலும் கவனம் வேண்டும். பழைய வகை சிலவற்றில் சக்தியைக் குறைத்தால் பளிச்சிடும் நேரம் கூடுகிறது. விலை குறைந்த சின்ன ஃப்ளாஷ், விலை கூடிய பெரிய ஃப்ளாஷை வெல்லும் அபூர்வமான இடம் இது. கைபேசியில் 'ஃப்ளாஷ்' என்று இருப்பது எல்.இ.டி. விளக்கு, இந்த வேலைக்கு அது ஆகாது. நோக்கியா 808, லூமியா 1020 என்று நிஜ செனான் ஃப்ளாஷ் வைத்த கைபேசிகள் ஒரு காலத்தில் வந்தன. அந்த வழக்கம் தொடரவில்லை.

இருட்டறையில் தொடங்கிய வேலை

கேமராவே இல்லாமல் துளியைப் 'படம் பிடித்த' ஒருவர் இருந்தார். ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், 1870களின் நடுவிலேயே இந்த ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். அப்போதைய புகைப்படத் தகடுகளுக்கு இவ்வளவு குறுகிய வெளிச்சம் போதாது. அதனால் இருட்டறையில் உட்கார்ந்துகொண்டார். துளி விழும் அதே கணத்தில் வேறொரு சிறு உருண்டையும் விழும். அது கீழே மோதியதும் மின்பொறி ஒன்று வெடிக்கும். அந்தப் பொறி வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் வரைந்துகொள்வார். உருண்டை விழும் உயரத்தைக் கொஞ்சம் மாற்றினால் பொறி சற்றுத் தாமதமாகும், அடுத்த கட்டம் தெரியும். இப்படியே ஒவ்வொரு கட்டமாகச் சேகரித்தார். வரிசையில் இருக்கும் ஒவ்வொரு படமும் வேறு வேறு துளி என்பதை மறந்துவிடக்கூடாது. இன்றைக்கும் நாம் ஒரே ஃப்ளாஷை வைத்து எடுக்கும் 'துளியின் கதை' அப்படிச் சேர்த்ததுதான்.

துளி மோதியதும் சுற்றிலும் எழும்பும் நீர்ச்சுவர் கிரீடம் போல இருக்கும். அவர் வரைந்தவை அழகான, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான வட்டக் கிரீடங்கள். 1894இல் தகடுகளின் திறன் கூடி, பொறி வெளிச்சத்திலேயே புகைப்படம் எடுக்க முடிந்தது. பார்த்தால், ஒன்றுகூடச் சரியான வட்டமாக இல்லை. ஒரு பக்கம் கூர்முனைகள் உயர்ந்தும், மறுபக்கம் சரிந்தும், நடுவில் ஒன்று உடைந்தும் இருந்தன. தான் கண்ட ஒழுங்கற்ற துளிகளையெல்லாம் 'இது சரியாக விழவில்லை' என்று மனசே தள்ளிவிட்டு, மிச்சத்தை வைத்து ஓர் இலட்சிய வடிவத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டே வெளியிட்ட நூலில் அதை ஒளிக்காமல் எழுதினார். இணையத்தில் இன்று சுற்றும் நீர்த்துளிப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த விஷயம் ஞாபகம் வரும். நூற்றுக்கணக்கில் எடுத்து, சமச்சீராக வந்த ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் கணினியில் பாதியை வெட்டிக் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டி வெளியிடுகிறார்கள். வொர்திங்டன் உதறிய பழக்கத்தை நாம் மென்பொருள் வைத்துச் செய்கிறோம்.

பொதுமக்கள் நினைவில் நிற்கும் பால் துளிக் கிரீடம் ஹரால்ட் எட்ஜர்டன் எடுத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் பேராசிரியர். சுழலும் மோட்டார்களை ஆராயும்போது அவற்றை 'நிற்க வைத்துப்' பார்க்க, துடித்துத் துடித்து எரியும் விளக்கு அவருக்குத் தேவைப்பட்டது. அந்த விளக்கு மோட்டாரை விட்டு வெளியே வந்து, துப்பாக்கிக் குண்டு, ஹம்மிங்பேர்ட் பறவை, பால் துளி என்று எல்லாவற்றின் மேலும் பாய்ந்தது. பால் துளியின் கறுப்பு வெள்ளைப் படம் 1936ஐச் சேர்ந்தது. சிவப்புப் பின்னணியில் வெள்ளை முத்துகள் நிற்கும் வண்ணப் படம் 1957. இடைப்பட்ட இருபது வருடத்துக்கு மேலாக அதே துளியைத் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று நம் ஃப்ளாஷுக்குள் இருக்கும் செனான் குழாய் அவர் வளர்த்தெடுத்த தொழில்நுட்பத்தின் வழி வந்தது.

பாலை ஏன் எடுத்தார்? தண்ணீருக்குச் சொந்த நிறமும் இல்லை, வடிவத்தைக் காட்டும் நிழலும் இல்லை. பின்னால் இருப்பதை ஊடுருவிக் காட்டும், பக்கத்தில் இருப்பதைப் பிரதிபலிக்கும், அவ்வளவுதான். பால் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். வீட்டில் பாலை வைத்துப் பழகினால் மறுநாள் அறை வீச்சமடிக்கும். ஒரு தட்டுத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பால் கலந்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

தண்ணீர் என்ன செய்கிறது

துளி என்றதும் நாம் வரையும் கூர்வால் வடிவம், குழாய் வாயிலிருந்து பிரியும் அந்தக் கணத்தில் மட்டும்தான் இருக்கிறது. பிரிந்ததும் பரப்பு இழுவிசை (நீரின் மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் விசை) அதை உருண்டையாக்கப் பார்க்கும். ஆனால் உருண்டையில் நிற்காமல் தட்டையாகும், பிறகு நீளும், மறுபடி தட்டையாகும். நாலரை மி.மீ. துளி நொடிக்குச் சுமார் 35 முறை இப்படி அதிர்கிறது. கடைசியில் நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் வரும் துளிக்கு, ஒரு முழு அதிர்வு என்பது ஏறக்குறைய 8 செ.மீ. தூரம். அதனால் துளி சொட்டும் பாட்டிலை 4 செ.மீ. ஏற்றினாலோ இறக்கினாலோ, தட்டையாக வந்து மோதிய துளி நீண்டு வந்து மோதும், தெறிப்பும் மாறிவிடும். நேற்று நன்றாக வந்தது, இன்று அதே அமைப்பில் வரவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் ஸ்கேலை எடுத்து உயரத்தை அளந்து பார்ப்பது நல்லது.

மோதிய பிறகு நடப்பது, கீழே எவ்வளவு ஆழம் தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தட்டில் மெல்லிய படலமாகத் தண்ணீரோ பாலோ இருந்தால், துளி அதைப் பக்கவாட்டில் தள்ளிச் சுவராக எழுப்பும். அதுதான் கிரீடம். சுவரின் மேல் விளிம்பு தடித்த வளையமாகிறது. மெலிந்த நீர்க்கயிறு எதுவும் அதிக நேரம் கயிறாக இருக்காது, பரப்பு இழுவிசை அதைத் துண்டு துண்டாக முடிச்சிட்டுவிடும். முடிச்சுகள் கூர்முனைகளாக நீண்டு, நுனியில் முத்துகளாக அறுந்து பறக்கின்றன. இவ்வளவும் மோதிய முதல் 20 மில்லி வினாடிக்குள் நடந்து முடிகிறது.

ஆழம் மூன்று நான்கு செ.மீ. இருந்தால் நாடகம் நீளும். மோதிய இடத்தில் ஒரு குழி விழும். குழி சரிந்து மூடும்போது, சுற்றிலுமிருந்து நடுவுக்குப் பாயும் தண்ணீருக்குப் போக வேறு இடமில்லை. மேல்நோக்கி ஒரு தூணாக எழும்பும். இதற்கு வொர்திங்டன் தூண் என்றே பெயர். மோதி 50 முதல் 100 மில்லி வினாடிக்குள் இது உயர்ந்து நிற்கும். நுனியில் ஒரு குண்டு, சில நேரம் அது தனித் துளியாகப் பிரியும். புதிதாகத் தொடங்குபவர்கள் கிரீடத்தை விட்டுவிட்டு இந்தத் தூணையே முதலில் குறிவைக்கலாம். காரணம் எளிது. மேலே எறிந்த எந்தப் பொருளும் உச்சியில் ஒரு கணம் நிற்கும். தூணும் உச்சியில் கிட்டத்தட்ட நிற்கிறது. அப்போது 1/5000 நொடிப் பளிச்சுகூடப் போதும், நேரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பாதகமில்லை.

அடுத்த கட்டம்தான் எல்லோரும் ஆசைப்படும் குடை. தூண் நிற்கும்போதே இரண்டாவது துளி வந்து அதன் உச்சந்தலையில் மோதினால், தண்ணீர் பக்கவாட்டில் வட்டமாக விரிகிறது. இதற்கு இரண்டு துளிகளுக்கு இடையில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி வேண்டும். சொட்டும் குழாயில் இது தற்செயலாகத்தான் வாய்க்கும்.

காய்ந்த பரப்பில் விழும் துளிக்கு ஒரு தனிக் கதை உண்டு. வழவழப்பான காய்ந்த கண்ணாடியில் ஆல்கஹால் துளிகளை விட்டு, சுற்றியிருந்த காற்றின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிட்னி நேகல் குழுவினர். ஒரு கட்டத்துக்குக் கீழே தெறிப்பே இல்லை. துளி அமைதியாகப் பரவி ஓய்ந்தது. 2005இல் வெளியான முடிவு இது. தெறிப்பில் தண்ணீருக்கு இருக்கும் பங்கு அளவுக்குக் காற்றுக்கும் பங்கு இருக்கிறது என்று அதற்கு முன் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. வீட்டில் காற்றை உறிஞ்ச முடியாது, சரி. கண்ணாடித் தகட்டில் விடும் துளியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், தண்ணீரில் விழுவதற்கும் அதற்கும் முகச்சாயலே வேறு.

மேசை மேல்

துளி விட, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐ.வி. செட்டை விடச் சுலபமான கருவி இல்லை. சலைன் ஏற்றும் குழாய்தான். அதில் இருக்கும் உருளைத் திருகால் சொட்டும் வேகத்தைச் சன்னமாகக் கட்டுப்படுத்தலாம். ஊசி வேண்டாம், குழாயின் வெறும் முனையே போதும். துளியின் எடை அது தொங்கும் வாயின் அகலத்துக்கு ஏற்பக் கூடும் என்பது 1864லேயே தாமஸ் டேட் கண்ட விதி. ஆக, பெரிய துளி வேண்டுமென்றால் அகலமான முனை, சின்னதற்கு பால்பாயின்ட் ரீஃபில் குழாய். நாம் கணக்கில் எடுத்த நாலரை மி.மீ. துளி என்பது மில்லி லிட்டருக்கு 20 சொட்டு.

பாட்டிலில் தண்ணீர் குறையக் குறைய அழுத்தம் குறைந்து, சொட்டும் தாளம் தள்ளாடும். அதற்குப் பதினேழாம் நூற்றாண்டிலேயே எட்மே மரியோட் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் தீர்வு சொல்லிவிட்டார். மூடியைக் காற்றுப் புகாமல் அடைத்து, அதன் வழியாக ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் இறக்கிவிட வேண்டும். காற்று அந்த ஸ்ட்ரா வழியாக மட்டுமே உள்ளே வர முடியும் என்பதால், தண்ணீர் மட்டம் ஸ்ட்ராவின் அடிநுனிக்கு மேலே இருக்கும் வரை அழுத்தம் மாறாது. துளி ஒரே சீராக விழும். இரண்டு மூன்று நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், முந்தைய துளியின் அலை அடங்கவும் நேரம் இருக்கும்.

கீழே கேக் சுடும் கறுப்பு நிற ட்ரே, அதற்கும் அடியில் ஒரு பெரிய தாம்பாளம். ட்ரேயில் விளிம்பு வரை ததும்பத் தண்ணீர் ஊற்றினால்தான் முன் ஓரம் படத்தில் விழாது. மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். லேசான காற்றே துளியை ஃபோகஸ் இடத்திலிருந்து நகர்த்தும். சித்திரை வைகாசியில் கதவை மூடிக்கொண்டு இதைச் செய்வது தண்டனை, மார்கழி நல்ல மாதம்.

ஆட்டோ ஃபோகஸ் இங்கே வேலைக்கு ஆகாது. ட்ரேயின் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து, துளி அதன் மேல் எந்த இடத்தில் விழுகிறதோ அங்கே ஒரு திருகாணியை நிறுத்துங்கள். அதன் மரைகள் கூர்மையாகத் தெரியும்படி கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தில் டேப் ஒட்டிவிட்டு, திருகாணியை எடுத்துவிடலாம். சின்னப் பொருளை நெருங்கிப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் வசதி. இல்லாவிட்டால் கேமராவோடு வந்த லென்ஸுக்குப் பின்னால், அதைக் கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தும் வெற்று வளையமான எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒன்று. அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 11, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 200 அல்லது 400, ஷட்டர் 1/200. ஃப்ளாஷைப் போடாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். ஏதாவது தெரிந்தால், அறையில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. அந்த வெளிச்சம் துளியின் பின்னால் ஆவி நிழல் ஒன்றை இழுத்துவிடும்.

குறைந்த சக்தியில் ஃப்ளாஷ் கொடுக்கும் வெளிச்சம் சொற்பம், அதனால் அதைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பாதி தூரத்துக்குக் கொண்டுவந்தால் நாலு மடங்கு வெளிச்சம். எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் தேர்வு பின்பக்கம். தண்ணீர் ஒளிபுகும் பொருள்; நேர் முன்னாலிருந்து அடித்தால் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் பளபளக்கும். ட்ரேக்குப் பின்னால் ஒரு டிரேசிங் பேப்பரை நிறுத்தி, அதன் பின்னாலிருந்து ஃப்ளாஷை அடித்தால், காகிதம் முழுவதும் ஒளிரும். துளியின் விளிம்பு கறுத்து, உடம்பு வெளிறி, உருவம் திரண்டு வரும். நிறம் வேண்டுமென்றால் காகிதத்தோடு வண்ண செலஃபேன் தாளைச் சேர்த்தால் ஆயிற்று. தண்ணீரில் தெரிவதும் அந்தக் காகிதத்தின் பிரதிபலிப்பே என்பதால் முழுக் காட்சியும் ஒரே சாயம் பிடிக்கும்.

ஃப்ளாஷுக்குள் இருக்கும் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும். தண்ணீர் தெறிக்கும் மேசையில் அதை ஜிப் உறைக்குள் போட்டு வைப்பது அவசியம், கேமராவுக்கு ஒரு பழைய துணி போதும்.

எப்போது அமுக்குவது

கண்ணால் தூணைப் பார்த்துவிட்டு பட்டனை அமுக்கினால் கதை முடிந்தது. மனிதக் கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 0.2 நொடி, அதன்மேல் கேமராவுக்குள் ஒரு தாமதம். தூண் எழுந்து விழுந்து அலையும் பரவியிருக்கும். ஆகவே கீழே பார்க்கக்கூடாது, குழாய் முனையைப் பார்க்க வேண்டும். துளி பிரிந்ததும் அமுக்குங்கள்.

இதிலும் கணக்கு உதவும். விரலுக்கும் கேமராவுக்கும் சேர்த்து 0.3 நொடி என்று வைத்துக்கொள்வோம். 40 செ.மீ. விழ 0.29 நொடி ஆகிறது. தூண் எழ இன்னும் 0.07 நொடி, மொத்தம் 0.36. நீங்கள் முந்திவிடுகிறீர்கள். குழாய் முனையை 26 செ.மீ.க்கு இறக்கினால் விழும் நேரம் 0.23 ஆகி, கூட்டுத்தொகை 0.3க்கு வந்துவிடும். வொர்திங்டன் உருண்டையின் உயரத்தை மாற்றிச் செய்ததை நாம் பாட்டிலின் உயரத்தை மாற்றிச் செய்கிறோம், அவ்வளவே வித்தியாசம். கொஞ்ச நேரத்தில் எண்ணமே தேவைப்படாது. துளி சீராக விழும்போது, கச்சேரியில் தொடையில் தாளம் போடும் ரசிகர் மாதிரி கை தானாக விழ ஆரம்பிக்கும்.

குடை வடிவத்துக்கு மட்டும் கையின் தாளம் போதாது. ஐ.வி. செட்டை நொடிக்குப் பத்துச் சொட்டு அளவுக்குத் திறந்துவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பலாம். எப்போதாவது ஒன்று சிக்கும், பெரும்பாலும் ஒரே கலவரமாக இருக்கும். ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலினாய்ட் வால்வும், அதை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையும் வேண்டும். சென்னை ரிச்சி தெரு மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த இடங்களில் கிடைக்கும் சாமான்தான். முதல் துளி, சில பத்து மில்லி வினாடி, இரண்டாம் துளி, பிறகு ஃப்ளாஷ் என்று பலகைக்குச் சொல்லி வைத்துவிடலாம். ஒவ்வொரு எண்ணையும் 5 மில்லி வினாடி வீதம் மாற்றிப் பார்ப்பதுதான் வேலை. சுவாரசியமாகவும் இருக்கும், சலிப்பாகவும் இருக்கும்.

வெறும் தண்ணீரில் குடை விரிந்தவுடனே கிழிந்து சிதறும். அகலமாக, வழவழப்பாக விரிய வேண்டுமென்றால் தண்ணீரைக் கொஞ்சம் தடிமனாக்க வேண்டும். இதற்கு உலகெங்கும் இந்தத் துறையினர் பயன்படுத்துவது குவார் கம் அல்லது சாந்தன் கம். முதலாவது நம் கொத்தவரை விதையிலிருந்து வருவது. உலக உற்பத்தியில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானில். ஒரு லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கி, இரவு முழுக்க ஊறவைத்து, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி எடுக்கலாம். வடிகட்டாவிட்டால் கட்டிகள் வால்வை அடைத்துவிடும். நிறத்துக்குக் கேக் சாமான் விற்கும் கடையிலுள்ள திரவச் சாயம் நல்லது. கேசரி பவுடரும் ஆகும், ஆனால் சுவரில் தெறித்தால் வெள்ளையடிக்கும் செலவு தனி.

ஃப்ளாஷ் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் தட்டை வைத்து, அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய கைபேசியின் புரோ முறையில் ஷட்டரை 1/4000 அல்லது அதற்கு மேல் தள்ளினால் தூணை ஓரளவு பிடிக்கலாம். நொடிக்கு 240 சட்டம் (ஃப்ரேம்) பதியும் ஸ்லோ மோஷன் வீடியோ இன்னொரு வழி. ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மில்லி வினாடிதான். தரம் குறைவு, ஆனால் எந்தக் கட்டம் எத்தனை மில்லி வினாடியில் வருகிறது என்று உங்கள் தட்டுக்கும் உங்கள் உயரத்துக்கும் அளந்து வைத்துக்கொள்ள இதைவிடச் சிறந்த வழியில்லை. ஃப்ளாஷ் வைத்திருப்பவர்களும் முதலில் இதைச் செய்துவிட்டு வரலாம்.

துளிக்குள் பூவும், துளியின் சத்தமும்

துளிக்குள் ஒரு பூ தலைகீழாகத் தெரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். துளி ஓர் உருண்டை லென்ஸ். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், பின்னால் சற்றுத் தள்ளி வைத்த பூவின் பிம்பம் துளியின் மையத்திலிருந்து அதன் ஆரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில், கேமராப் பக்கமாக விழுகிறது. நம் துளிக்கு அது சுமார் நாலரை மி.மீ. முன்னால். துளியின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் பூ மங்கும், பூவில் வைத்தால் விளிம்பு மங்கும் என்று பலர் லென்ஸைக் குறை சொல்வதன் காரணம் இதுதான். இரண்டும் இரண்டு தளத்தில் இருக்கின்றன. எஃப் 16 வரை மூடி, இடைப்பட்ட இடத்தில் ஃபோகஸ் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். நான் பூவுக்கே முன்னுரிமை கொடுப்பேன். பூவைத் தலைகீழாக வைத்தால் துளிக்குள் நேராக வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, அந்தச் 'சொட்' சத்தம். துளி மோதுவதால் வரும் ஒலி என்றுதான் தோன்றும், ஆனால் மோதல் கிட்டத்தட்ட ஊமை. குழி மூடும்போது அதன் அடியில் ஒரு சிறு காற்றுக்குமிழி சிக்கிக்கொள்கிறது. அது அதிர்ந்து, மேலே இருக்கும் நீர்ப்பரப்பையும் அதிரவைக்க, அதுவே காற்றில் ஒலியாக வருகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வால் குழுவினர் அதிவேக கேமராவையும் மைக்கையும் ஒன்றாக வைத்து 2018இல் இதைக் காட்டினார்கள். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்தால் பரப்பு இழுவிசை மாறிச் சத்தம் நின்றுவிடும் என்பதும் அவர்கள் சொன்னதே. ஒழுகும் குழாயால் தூக்கம் கெடுபவர்கள் வாளியில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கலாம். எல்லா உயரத்திலும் எல்லா அளவிலும் குமிழி சிக்காது. அதனால்தான் சில துளிகள் ஒலிக்கின்றன, சில ஒலிப்பதில்லை.

இந்தக் குமிழியையும் வீட்டிலேயே எடுக்கலாம். ட்ரேக்குப் பதிலாகச் சின்ன மீன்தொட்டி, டிரேசிங் பேப்பரும் ஃப்ளாஷும் அதன் பின்னால், லென்ஸ் மட்டும் தொட்டிக்கு வெளியே முன்பக்கம், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழான உயரத்தில். முதலில் காதால் கேட்டு, எந்த உயரத்தில் துளி தவறாமல் சத்தம் போடுகிறது என்று பாட்டிலை நகர்த்திக் கண்டுபிடியுங்கள். பிறகு தூணுக்கு வைத்ததைவிடச் சில பத்து மில்லி வினாடி முன்பாக ஃப்ளாஷ் அடிக்கும்படி நேரத்தை இறக்கிக்கொண்டே வந்தால், குழியும் அதன் அடிநுனியில் குமிழியும் அகப்படும்.